ஸ்கோர் போர்டில் உயிர்க்கணக்கு எழுத முடியாது

(வேலூரில் நமது கட்சியின் இளைஞரணியும் விளையாட்டு அணியும் சேர்ந்து நடத்திய கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசாகப் படித்துவிட்டுப் பகிருங்கள், தோழர்களே.)



மேடையில் இருக்கும் மாவட்ட நிர்வாகிகளே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற முன்னாள் படைவீரர் ஐயாக்களே, பின்னால் டிராக் சூட்டோடு நின்றுகொண்டிருக்கிற தம்பி தங்கைகளே, கைபேசியில் நேரலை பார்த்துக்கொண்டிருக்கிற தோழர்களே!

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, 'விளையாட்டு வீரரும் போர் வீரரும் ஒன்றா?' வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார், "என்னங்க, தமிழ்ல ரெண்டு பேருக்குமே வீரர்னுதானே பேரு? அப்புறம் இதுல என்ன சண்டை?" நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிரிக்கெட் வீரர், ராணுவ வீரர், தீயணைப்பு வீரர், மாடுபிடி வீரர். எல்லாருமே நமக்கு வீரர்தான். பெருந்தன்மையான மொழி நம்முடையது. ஆனால் நம் முன்னோர்கள் இதில் குழம்பவில்லை. நம் பக்கத்தில் செங்கம் வட்டாரத்தில் எத்தனை நடுகற்கள்! ஆநிரை மீட்கப் போய் உயிர் விட்டவனுக்கு எடுத்த கற்கள். யாருடைய ஆட்சியில், எந்த ஊர் மாட்டை யார் கவர்ந்தார்கள், யார் மீட்டு இறந்தான் என்று அதில் எழுதி வைத்தார்கள். சேலம் அருங்காட்சியகத்தில் இன்னொரு நடுகல் இருக்கிறது. அது எருது விளையாட்டில் இறந்துபோன ஒருவனுக்கு எடுத்தது. அவனுக்கும் கல் நட்டார்கள், அவனையும் மதித்தார்கள். ஆனால் போரில் இறந்தான் என்று பொய் எழுதவில்லை. விளையாடி இறந்தான் என்றே எழுதினார்கள்.

மரியாதை இரண்டு பேருக்கும் உண்டு. கணக்கு மட்டும் தனித்தனி. அந்தக் கணக்கைக் கலக்கிறார்கள் என்பதுதான் இன்றைக்கு நம்முடைய பேச்சு.

விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஏப்ரல் 22. காஷ்மீரில் பஹல்காம். சுற்றுலா போன மக்கள், அவர்களைக் காப்பாற்றப் போன உள்ளூர்க் குதிரைக்காரர் என 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். நாடே துடித்தது. மே 7-ஆம் தேதி நம் படைகள் ஆபரேஷன் சிந்தூர் நடத்தின. மே 10-ஆம் தேதி சண்டை நின்றது. அதற்குள் எல்லையில் பூஞ்ச் பகுதியில் பாகிஸ்தான் ஷெல்லடியில் பொதுமக்கள் இறந்தார்கள், குழந்தைகளும் இறந்தார்கள். நம் படையிலும் உயிர்கள் போயின.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பரில், ஆசியக் கோப்பை. பாகிஸ்தானோடு இருதரப்புப் போட்டி கிடையாது, பல நாடுகள் ஆடும் போட்டியில் ஆடலாம் என்று ஆகஸ்ட் மாதமே ஒன்றிய அரசு சொல்லிவிட்டது. பஹல்காமில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண் பொதுவெளியில் வந்து கேட்டார், இந்த ஆட்டம் வேண்டாம் என்று. யார் காதில் விழுந்தது? துபாயில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது. செப்டம்பர் 14, 21, 28. மூன்றிலும் இந்தியா வென்றது.

முதல் ஆட்டத்தில் கை குலுக்கவில்லை. அணித்தலைவர் சூர்யகுமார் யாதவ் வெற்றியை ராணுவத்துக்குக் காணிக்கையாக்கினார். பிறகு பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் விமானம் விழுவது போலவும் துப்பாக்கி சுடுவது போலவும் மைதானத்தில் சைகை காட்டினார்கள். இரண்டு பக்கத்துப் புகாரும் ஐ.சி.சி. வரை போனது. இறுதி ஆட்டம் முடிந்ததும் கோப்பையை பாகிஸ்தான் அமைச்சர் கையால் வாங்க மாட்டோம் என்று நம் அணி சொல்லிவிட்டது. கோப்பையே இல்லாமல் கொண்டாடினார்கள்.

அன்று இரவு நாட்டின் பிரதமர் எக்ஸ் தளத்தில் எழுதினார். விளையாட்டு மைதானத்திலும் ஆபரேஷன் சிந்தூர், முடிவு அதேதான், இந்தியா வென்றது என்ற பொருளில் எழுதினார்.

அங்கேதான் சர்ச்சை வெடித்தது. ராணுவ நடவடிக்கையும் இருபது ஓவர் ஆட்டமும் ஒன்றா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். 'தேசபக்தி உனக்குப் பிடிக்கலையா' என்று மறுபக்கம் கேட்டார்கள். நம்மையும் கேட்டார்கள். நம் பக்கத்தில் வந்து கொட்டிய வசவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பதிலை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அன்றைக்கு ஆடிய பிள்ளைகள் மீது நமக்கு எந்த வருத்தமும் கிடையாது. 20 ரன்னுக்கு 3 விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து திலக் வர்மா என்ற இளைஞர் நின்று 69 ரன் எடுத்து, கடைசிவரை ஆட்டமிழக்காமல் ஜெயித்துக் கொடுத்தார். நானும்தான் துள்ளினேன். சூர்யகுமார் தன் ஆட்டச் சம்பளத்தைப் படைக்கும், பஹல்காம் குடும்பங்களுக்கும் தருவதாகச் சொன்னார். நல்ல மனசு. வணங்குகிறேன். ராணுவத்துக்கு நன்றி சொல்வது வேறு, நானும் ராணுவமும் ஒன்று என்று சொல்வது வேறு. முன்னதில் பணிவு இருக்கிறது. பின்னதில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

'முடிவு அதேதான்' என்கிறார்களே, எந்த முடிவு? ஐந்து விக்கெட் வித்தியாசம் என்பது ஒரு முடிவு. பூஞ்ச்சில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்த மே மாதத்தின் முடிவு என்ன? மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வந்து இறங்கிய வீட்டில் முடிவு என்ன? இரண்டையும் ஒரே வரியில் எழுத எப்படி மனசு வந்தது?

தம்பிகளா, நீங்கள் கபடி ஆடுகிறவர்கள். நம்ம ஊர்ல சடுகுடு ஆடுறப்போ அவுட் ஆனவனை என்ன சொல்லுவோம்? "செத்துட்டான், வெளிய போ." அடுத்த பாயிண்ட் எடுத்தா? "உயிர் வந்துடுச்சு, உள்ள வா." செத்தவன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து சிரித்துக்கொண்டே உள்ளே வருவான். விளையாட்டு என்றால் அதுதான். அதில் சாவு என்பது ஒரு சொல். எல்லையில் செத்தவன் எந்தப் பாயிண்டுக்கும் திரும்ப வரமாட்டான். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் போதும்.

இன்னொன்று பாருங்கள். விளையாட்டில் எதிரணி இல்லாமல் ஆட்டமே இல்லை. அவன் நன்றாக ஆடினால்தான் என் வெற்றிக்கு மதிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே விதி, நடுவில் ஒரு நடுவர், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். போரில் இதில் எது இருக்கிறது?

கீத் மில்லர் என்று ஆஸ்திரேலியாவின் பெரிய ஆல்ரவுண்டர் ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டியவர். கிரிக்கெட்டில் மன அழுத்தத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தாராம். ஜெர்மன்காரனின் மெஸ்ஸர்ஸ்மிட் விமானம் நம்ம முதுகுக்குப் பின்னால துரத்திக்கிட்டு வருமே, அதுதான்யா அழுத்தம், கிரிக்கெட்டில் அதெல்லாம் இல்லை என்கிற மாதிரி சொன்னார். இரண்டையும் வாழ்ந்து பார்த்தவன் சொன்ன வார்த்தை அது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 2003-ல் ஈராக் போர் நடந்துகொண்டிருக்கிறது. மயாமி பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஒரு இளம் ஆட்டக்காரர், தோற்ற கோபத்தில், இது போர், நான் ஒரு சிப்பாய் என்று பத்திரிகையாளர்களிடம் கத்தினார். நாடே கொதித்தது. மறுநாளே மன்னிப்புக் கேட்டார். சின்னப் பையன், வாய் தவறிவிட்டது, விட்டுவிடலாம்.

ஆனால் அதே நாட்டில் பேட் டில்மேன் என்று ஒருவர். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய அணியில் ஆடியவர். கோடிக்கணக்கான ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2002-ல் நிஜமாகவே ராணுவத்தில் சேர்ந்தார். 2004-ல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியோடு போரிட்டு மாண்டார் என்று ராணுவம் அறிவித்தது. தொலைக்காட்சியில் நினைவஞ்சலி, பதக்கம் எல்லாம் நடந்தது. சில வாரம் கழித்துத்தான் குடும்பத்துக்கு உண்மை தெரிந்தது. அவர் தம் சொந்தப் படைக்காரர்களின் குண்டு தவறிப் பட்டுத்தான் இறந்திருக்கிறார். அந்தத் தாய் உண்மைக்காக வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. வீரனை ஒரு விளம்பரப் படமாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். படத்துக்குக் கதை முக்கியம், உண்மை இடைஞ்சல்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

சிப்பாயும் விளையாட்டு வீரரும் ஒரே உடம்பில் இருந்த ஒரு மனிதர் நம் நாட்டில் இருக்கிறார். முரளிகாந்த் பேட்கர். மகாராஷ்டிரத்துக்காரர், ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டவர். 1965 போரில் உடம்பில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்துவிட்டன. அப்புறமும் விடவில்லை. நீச்சல் கற்றார். 1972-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம். பாராலிம்பிக்கில் இந்தியா வாங்கிய முதல் தங்கமே அதுதான்.

இப்போது சொல்லுங்கள். இவரைத்தானே நாடு தலையில் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும்? இவருக்குப் பத்மஸ்ரீ எப்போது கிடைத்தது தெரியுமா? 2018-ல். 46 வருஷம் கழித்து. அர்ஜுனா விருது? 2025 ஜனவரியில். 53-வது வருஷத்தில். அதற்கு நடுவில் எத்தனை ஆட்சிகள்! எல்லாக் கட்சி ஆட்சியும்தான். நான் ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை. உவமை சொல்ல சிப்பாய் வேண்டும், மேடையில் பேச சிப்பாய் வேண்டும். நிஜமான சிப்பாய், நிஜமான தங்கத்தோடு வந்து நின்றால் கண் தெரியாது.

நம்ம ஊருக்கு வருகிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே பேர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். இங்கேயே சத்துவாச்சாரி. பளுதூக்கும் பிள்ளைகளுக்குப் பேர் போன இடம். நம்ம சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவில் காமன்வெல்த் தங்கம், 2018-ல் கோல்டு கோஸ்டில் இன்னொரு தங்கம். அவருடைய அப்பா யார்? முன்னாள் ராணுவ வீரர். அவரும் தேசிய அளவில் பளு தூக்கியவர். ஓய்வுக்குப் பிறகு செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டுதான் மகனைத் தயார்படுத்தினார். ஒரே வீட்டில் சீருடையும் உண்டு, பதக்கமும் உண்டு. நான் கேட்பது இதுதான். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவருக்கு வாட்ச்மேன் நாற்காலியைத் தாண்டி இந்த நாடு என்ன வைத்திருக்கிறது? எந்த ஏ.டி.எம். வாசலில் போய்ப் பார்த்தாலும் ஒரு முன்னாள் வீரர் உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா? முன்வரிசை ஐயாக்கள் தலையாட்டுகிறார்கள்.

ராணுவத்தை உயிராக மதிக்கிறோம் என்கிறவர்கள், செய்ததைப் பார்ப்போம்.

2015 ஆகஸ்ட் 14. டெல்லி ஜந்தர் மந்தர். ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு முன்னாள் படைவீரர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள். பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி போலீஸ் போய் அந்தப் பெரியவர்களைத் தள்ளியது, மெடல் போட்ட சட்டையைப் பிடித்து இழுத்தது.

2022 ஜூன். அக்னிபத். நான்கு வருஷம் வேலை. நூற்றுக்கு 25 பேரை மட்டும் வைத்துக்கொள்வோம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம், ஓய்வூதியம் கிடையாது. கம்மவான்பேட்டையில் பத்தொன்பது வயதில் சேருகிற பையன் இருபத்து மூன்று வயதில் திரும்பி வந்து என்ன செய்வான்?

2019 பிப்ரவரி 14, புல்வாமா. மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர்கள் 40 பேர் பலியானார்கள். தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளை ஒருவர், அரியலூர் மாவட்டத்துப் பிள்ளை ஒருவர், இரண்டு பேர் நம்ம தமிழ்நாடு. அடுத்த மாதம் ராஞ்சியில் இந்திய அணி ராணுவத் தொப்பி போட்டு ஆடியது, சம்பளத்தை நிதியாகக் கொடுத்தது. நல்லது. ஆனால் அந்தத் துணை ராணுவப் படைகளில் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றப் படியேறிக் கிடக்கிறது. தொப்பி போட ஒரு நாள் போதும். பென்ஷன் கொடுக்க எத்தனை வருஷம் வேணும்?

விளையாட்டு வீரர்கள் சிப்பாய்கள் என்றால், 2023 மே 28-ஆம் தேதி டெல்லித் தெருவில் இழுத்துப் போனார்களே, வினேஷ் போகத், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா, அவர்கள் யார்? ஒலிம்பிக் வரை போய் நாட்டின் பெயரைச் சொன்னவர்கள். பாலியல் புகாருக்கு நீதி கேட்டார்கள். புதிய நாடாளுமன்றம் திறந்த அதே நாளில் அவர்களைத் தரையில் இழுத்தார்கள். அப்போது மட்டும் ஏன் யாருக்கும் உவமை நினைவு வரவில்லை?

இதுதான் தோழர்களே இந்த உவமையின் சூட்சுமம். உரிமை கேட்டால் செலவாகும். உவமை சொன்னால் செலவே இல்லை. கைதட்டல் வேறு கிடைக்கும்.

சிப்பாய்க்கு நடக்கும் அநியாயம் ஒரு பக்கம். ஆட்டக்காரனுக்கு இதனால் என்ன ஆபத்து என்று டிராக் சூட் போட்ட தம்பிகள் கவனமாகக் கேளுங்கள்.

நீ சிப்பாய் என்று சொல்லிவிட்டால், உன் தோல்வி தோல்வி கிடையாது. துரோகம். 2021 அக்டோபர் 24, துபாயில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்றோம். பதினோரு பேரும்தான் தோற்றார்கள். ஆனால் வசவு யாருக்கு? முகமது ஷமிக்கு. எந்தக் காரணத்துக்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பெயரே காரணம். அவருக்காகப் பேசிய கேப்டன் கோலியின் கைக்குழந்தைக்கு, ஆமாம், ஒரு வயது நிறையாத பெண் குழந்தைக்கு, இணையத்தில் பலாத்கார மிரட்டல் விட்டார்கள். 2022 செப்டம்பரில் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்ச்சை விட்டார். இருபத்து மூன்று வயசுப் பையன். அன்று ராத்திரியே அவரைக் காலிஸ்தானி ஆக்கினார்கள். பந்து கையிலிருந்து நழுவினால் நாட்டுப்பற்றும் நழுவிவிட்டதா? கேட்ச் விட்டவனைக் கோர்ட் மார்ஷல் பண்ணுகிற மனநிலை எங்கிருந்து வந்தது? மைதானத்தைப் போர்க்களம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த இடத்திலிருந்துதான் வந்தது.

உச்சக்கட்டம் எது தெரியுமா? நீரஜ் சோப்ரா. அவர் உவமைக்குச் சிப்பாய் கிடையாது, நிஜச் சிப்பாய். 2016-ல் ராஜ்புதானா ரைபிள்ஸில் நாயப் சுபேதாராகச் சேர்ந்தவர். டோக்கியோவில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியவர். 2025 ஏப்ரலில், பெங்களூரில் தான் நடத்தவிருந்த போட்டிக்கு உலகின் முன்னணி ஈட்டி எறிதல் வீரர்களை அழைத்தார். அதில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீமும் உண்டு. பாரிஸில் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர். அவரை விட்டுவிட்டு என்ன ஈட்டிப் போட்டி? அழைப்பு போனது பஹல்காமுக்கு முன்னாடி. ஆனால் அதற்குப் பின்னாடி நீரஜுக்குக் கிடைத்தது என்ன? தேசத்துரோகி பட்டம். அவருடைய அம்மாவையும் விடவில்லை. கடைசியில் அந்த மனிதர், என் நாட்டுப்பற்றையும் நேர்மையையும் சந்தேகிக்கிறார்களே என்று மனம் நொந்து அறிக்கை விட வேண்டியதாயிற்று.

யோசித்துப் பாருங்கள். சீருடை போட்ட ஒரு நிஜச் சிப்பாய்க்கு, வீட்டு சோபாவில் கைபேசி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் தேசபக்திச் சான்றிதழ் கேட்கிறான்! விளையாட்டு வீரர்களைச் சிப்பாய் ஆக்குகிறோம் என்று கிளம்பியவர்கள் கடைசியில் சிப்பாயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

"அப்போ போர் நடக்கும்போது விளையாட்டில் ஜெயித்தால் சந்தோஷப்படக் கூடாதா?" என்று கேட்பார்கள். படலாம், தாராளமாகப் படலாம். 1999-ஐ நினைத்துப் பாருங்கள். கார்கில் போர் உச்சத்தில் இருக்கிறது. ஜூன் 8-ஆம் தேதி மான்செஸ்டரில் உலகக் கோப்பையில் பாகிஸ்தானை 47 ரன்னில் வென்றோம். வெங்கடேஷ் பிரசாத் ஐந்து விக்கெட் எடுத்தார். ஊரெல்லாம் வெடி போட்டோம். சந்தோஷம்தான். ஆனால் அந்த வெற்றியால் டோலோலிங் மலையில் ஒரு பாறை நகர்ந்ததா? டோலோலிங்கை மீட்டது ஜூன் 13-ல். இருட்டில், குளிரில், மேலேயிருந்து குண்டு பொழிய, ஊர்ந்து ஏறிப் போன சிப்பாய்கள் மீட்டார்கள். அந்தப் போரில் 527 பேரை இழந்தோம். நம்ம திருச்சி மேஜர் சரவணன் பட்டாலிக் பகுதியில் மே 29-ஆம் தேதி வீழ்ந்தார். அந்த மலையின் கணக்கு வேறு, மான்செஸ்டரின் கணக்கு வேறு. அன்றைக்கு எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அதே வருஷம், கார்கிலுக்குச் சில மாதம் முன்னால், ஜனவரியில், நம்ம சேப்பாக்கம். பாகிஸ்தானோடு டெஸ்ட். சச்சின் முதுகு வலியோடு 136 ரன் எடுத்தும் 12 ரன்னில் தோற்றோம். அழுகையே வந்தது. மைதானம் ஒரு நிமிஷம் செத்த வீடு மாதிரி இருந்தது. அப்புறம் என்ன நடந்தது? ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. உலகமே வியந்து எழுதியது. அந்தக் கூட்டத்தில் கைதட்டிய எத்தனையோ வீடுகள் சில மாதத்தில் கார்கில் நிதிக்கு வரிசையில் நின்று பணம் கொடுத்த வீடுகள்தான். கைதட்டியதால் தேசபக்தி குறைந்துவிட்டதா என்ன? ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் போரைப் போராகப் பார்க்கத் தெரியும்.

இப்போது கொஞ்சம் நம்ம வீட்டுக் குப்பையையும் கூட்டலாம். கோபப்படாதீர்கள். நாமும் தேர்தலைப் போர் என்கிறோம். வாக்குச்சாவடி முகவரைப் படை வீரன் என்கிறோம். எதிர்க்கட்சிக்காரனை எதிரி என்கிறோம், கருத்து மாறிப் போனவனைத் துரோகி என்கிறோம். நம் ஆதரவாளர் பக்கங்களிலும் தோற்ற அணியின் ஆட்டக்காரரை, அவர் ஊரை, அவர் அம்மாவை இழுத்து மீம் போடுகிறார்கள். எனக்கும் வாட்ஸ்அப்பில் வருகிறது. பிரதமரின் பதிவைத் தப்பு என்று சொல்கிற வாயால் இதையும் தப்பு என்று சொன்னால்தான் நமக்குப் பேச அருகதை உண்டு. போஸ்டர் அடிக்கும்போதும் பதிவு போடும்போதும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

இது 1806-ல் சிப்பாய்கள் எழுந்த ஊர். எதற்காக எழுந்தார்கள்? எங்கள் நெற்றியில் எது இருக்க வேண்டும், தலையில் எந்தத் தொப்பி இருக்க வேண்டும் என்று எங்களைக் கேட்காமல் நீ முடிவு பண்ணாதே என்று எழுந்தார்கள். சிப்பாய்க்கும் மானம் உண்டு, வாய் உண்டு, கோரிக்கை உண்டு. அவன் நம் பேச்சுக்கு வைத்துக்கொள்கிற அலங்காரப் பொம்மை கிடையாது.

ஆகவே நம் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, சிப்பாய்க்கு. நான்கு வருஷ ஒப்பந்தம் வேண்டாம், முழுப் பணி வேண்டும், ஓய்வூதியம் வேண்டும். துணை ராணுவப் படையினருக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும். திரும்பி வருகிறவருக்குத் தகுதிக்கேற்ற வேலை வேண்டும்.

இரண்டு, விளையாட்டுப் பிள்ளைகளுக்கு. வட்டத்துக்கு ஒரு நல்ல மைதானம், பயிற்சியாளர், சத்தான சாப்பாடு. அரசு வேலையில் இருக்கும் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டு இடம் ஒன்றுகூடக் காலியாகக் கிடக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் புகார் சொன்னால் விசாரிக்கிற அமைப்பு ஒவ்வொரு சங்கத்திலும் வேண்டும்.

மூன்று, நமக்கு நாமே. ஜெயித்தால் தூக்கிக் கொண்டாடுவோம், தோற்றால் தட்டிக்கொடுப்போம். எந்த ஆட்டக்காரரிடமும் மதம் கேட்க மாட்டோம், தேசபக்திச் சான்றிதழ் கேட்க மாட்டோம். நம் பக்கத்தில் யாராவது கேட்டால் முதல் ஆளாக நாமே தடுப்போம்.

பாரிஸில் அர்ஷத் தங்கம் வென்று தன் மகன் வெள்ளியோடு நின்றபோது நீரஜின் அம்மா சொன்னார், தங்கம் வாங்கினதும் நம்ம பிள்ளைதான் என்று. அந்தப் பக்கம் அர்ஷத்தின் அம்மாவும் நீரஜ் எனக்கு மகன் மாதிரி என்றார். இருவரும் கிராமத்துத் தாய்மார்கள். அதிலும் ஒருவர் பட்டாளத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய். ஆட்டத்தில் தோற்ற பிள்ளை ராத்திரி வீடு திரும்புவான் என்று அவருக்குத் தெரியும்.

நம்ம கம்மவான்பேட்டைத் தாய்களுக்கும் தெரியும். அவர்களிடம் போய் இரண்டும் ஒன்றுதானே அம்மா என்று யாராவது கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் நம் பதில்.



#சிப்பாய்க்குஉவமைவேண்டாம்உரிமைவேண்டும்
#ஆட்டம்வேறுபோர்வேறு